ரேகையிலிருந்து முகத்துக்கு: இயந்திரத்தின் முடிவும் காரணம் கேட்கும் உரிமையும்

1

செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்கிற விவாதம் நம்மிடையே பெரும்பாலும் இரண்டு குரல்களில்தான் நடக்கிறது. ஒன்று, இயந்திரம் மனிதனை மிஞ்சிவிடும், மனித குலமே அழியப்போகிறது என்கிற பிரளயக் குரல். மற்றது, சட்டம் கிட்டம் என்று கையைக் கட்டினால் வளர்ச்சி நின்றுபோகும், சீனாக்காரன் முந்திக்கொள்வான் என்கிற வியாபாரக் குரல். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டுமே எதிர்காலத்தைப் பற்றி மட்டும் பேசுகின்றன. இன்றைக்கு, இங்கே, யார் யார் உடல்கள் மீது இந்த இயந்திரம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது இரண்டிலும் வராது. இக்கட்டுரையின் அக்கறை அதுதான்.

படூரை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையில், சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். பக்கத்தில் சிறுசேரி சிப்காட் வளாகம். அதில் மென்பொருள் நிறுவனங்கள், தரவு மையங்கள். 'கிளவுடு' என்று சொல்கிறார்களே, அந்த மேகம் உண்மையில் ஆகாயத்தில் இல்லை. சிறுசேரியில் கான்கிரீட் கட்டடமாகத் தரையில் நின்று மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கிறது. படூருக்குள்ளேயே கம்ப்யூட்டர் கல்வி தருகிற பல்கலைக்கழகம். கிழக்கே முட்டுக்காட்டுக் கழிமுகத்தைத் தாண்டினால் கோவளத்து மீனவர்கள். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

இந்தச் சின்ன வட்டத்துக்குள் மூன்று தரப்பு இருக்கிறது. முறைமையைச் செய்கிறவர்கள், அதன் தரவைச் சேமித்து வைத்துக் காசு பார்க்கிறவர்கள், அந்த முறைமை யார் மீது பிரயோகிக்கப்படுகிறதோ அவர்கள். உலகம் பூராவும் இன்று எழுதப்படுகிற 'ஒழுங்குமுறைச்' சொல்லாடல்கள் முதல் இரண்டு தரப்போடுதான் உரையாடுகின்றன. மூன்றாவது தரப்பு அவற்றில் 'பயனாளி' என்ற பெயரில், வாய் இல்லாமல் வந்துபோகிறது. அதன் வாயிலிருந்து வரவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'ஏன் எனக்கு இப்படி?' இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கு என்பதுதான் செயற்கை நுண்ணறிவு குறித்த சட்டப் பிரச்சனையின் மையம். அறப் பிரச்சனையின் மையமும் அதுவே.

2

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். இதில் மர்மம் ஏதுமில்லை. மர்மம் இருப்பதாகக் காட்டுவதில் சிலருக்கு லாபம் உண்டு, அவ்வளவுதான்.

முக அடையாள முறைமையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். காமிரா ஒரு முகத்தைப் படம் பிடிக்கிறது. மென்பொருள் அந்த முகத்தை எண்களின் நீண்ட வரிசையாக மாற்றுகிறது. ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற முகங்களின் எண் வரிசைகளோடு இதை ஒப்பிட்டு, 'இத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது' என்று மதிப்பெண் போடுகிறது. 'இவர்தான் அவர்' என்று இயந்திரம் ஒருநாளும் சொல்வதில்லை. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேலே போனால் 'இவர்தான்' என்று எடுத்துக்கொள்வது என்பதை ஒரு மனிதர், ஒரு அலுவலகம் தீர்மானிக்கிறது. டெல்லி போலீஸ் 2022-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தந்த பதிலில் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருந்துவதாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஏன் 80? ஏன் 90 இல்லை, 95 இல்லை? ஒருத்தரைச் சந்தேகிக்க எவ்வளவு ஆதாரம் போதும் என்பது காலங்காலமாகச் சட்டத்தின் கேள்வி. அது இப்போது மென்பொருளின் செட்டிங் ஆகிவிட்டது. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் தீர்மானிக்க வேண்டியது தொழில்நுட்பத்தின் வேஷத்தில் சத்தமில்லாமல் தீர்மானமாகிவிடுகிறது. இதே டெல்லி போலீஸின் முக அடையாள முறைமை 2 சதவீதம்தான் சரியாக இருக்கிறது என்று 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, முறைமை நன்றாக வேலை செய்கிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்றே வைத்துக்கொள்வோம். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்துக்கு ஒரு லட்சம் பேர் வருவதாகக் கற்பனை செய்யுங்கள். அதில் போலீஸ் தேடுகிறவர்கள் பத்துப் பேர். பத்துப் பேரையும் இயந்திரம் பிடித்துவிடுகிறது. மீதி 99,990 பேரில் நூற்றுக்கு ஒருவரைத் தப்பாகக் காட்டும். ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆக இயந்திரம் கைகாட்டுகிற 1,010 பேரில் ஆயிரம் பேர் சம்பந்தமே இல்லாதவர்கள். '99 சதவீதம் துல்லியம்' என்கிற விளம்பரத்தின் உள்ளே இருக்கிற கணக்கு இது. இந்தக் கணக்கை விற்கிறவன் சொல்லமாட்டான். வாங்குகிற அரசும் கேட்பதில்லை.

அந்த ஆயிரம் பேர் யார் என்பது அடுத்த கேள்வி. தவறு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. அமெரிக்காவில் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சந்தையில் விற்கப்பட்ட முகப் பகுப்பாய்வு மென்பொருள்கள் வெள்ளைத் தோல் ஆண்களை ஆணா பெண்ணா என்று வகைப்படுத்துவதில் 0.8 சதவீதத்துக்கு மேல் தவறவில்லை. கருந்தோல் பெண்கள் விஷயத்தில் தவறு 34.7 சதவீதம் வரை போனது. எந்த முகங்களைக் காட்டிப் பயிற்றுவித்தார்களோ அந்த முகங்கள்தான் இயந்திரத்துக்குத் தெரியும். இதோடு இன்னொரு சங்கதியும் உண்டு. ஒப்பிடப்படுகிற பட்டியலில் யாருடைய முகங்கள் இருக்கின்றன? பட்டியலில் இருக்கிறவரோடுதானே 'ஒத்துப்போக' முடியும். பட்டியல் போலீஸ் பதிவேட்டிலிருந்து வருகிறது. போலீஸ் பதிவேடு எங்கிருந்து வருகிறது என்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிய கதை அல்ல.

3

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் வந்தது. 1911-இல் திருத்தப்பட்ட வடிவத்தில் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. ஒரு சாதியில் பிறந்ததே சந்தேகத்துக்குப் போதுமான காரணம் என்றது அந்தச் சட்டம். பெயரைப் பதிவு செய், கைரேகை கொடு, ராத்திரியானால் ஸ்டேஷனுக்கு வந்து படு, வெளியூர் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு போ. நம் மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றுதான் அழைத்தார்கள். பெயர் வைத்ததிலேயே ஒரு தெளிவு இருக்கிறது. சட்டத்தின் உயிர் தண்டனையில் இல்லை, அடையாளம் எடுப்பதில் இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள். அதே 1920-இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டமும் வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் 1947-இல் ரத்தானது. மறுவருஷமே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் போய் 'வழக்கம்' வந்தது. ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் பெயர்கள் மாறவில்லை. செங்கல்பட்டு, விழுப்புரம் பகுதிகளில் துப்புக் கிடைக்காத திருட்டு வழக்குகளில் இருளர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழக்கத்துக்கு எதிராகப் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் ஆண்டுக்கணக்கில் போராடிவருவதை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் அறிவார்கள்.

இப்போது தொடர்ச்சியைப் பாருங்கள். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2022-இல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் கொண்டுவரப்பட்டது. விரல் ரேகை, உள்ளங்கை ரேகை, புகைப்படம் ஆகியவற்றோடு கருவிழி, விழித்திரை, உடல் மாதிரிகள், கையெழுத்து எல்லாம் எடுக்கலாம். தண்டனை பெற்றவர்கள் மட்டுமில்லை, கைது செய்யப்படுகிறவர்கள், தடுப்புக் காவலில் வைக்கப்படுகிறவர்கள் வரை வளையம் விரிகிறது. பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம். அதாவது ஒருத்தருடைய ஆயுசு பூராவும், அதுக்கு மேலும். தமிழகக் காவல்துறை 2021-இல் தன் முக அடையாள மென்பொருளைக் களத்தில் இறக்கியது. ரோந்து போகிற காவலர் கைபேசியில் ஒருவரைப் படம் பிடித்துப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். 2024 மே மாதம் இந்த முக அடையாள இணையதளத்துக்குள் ஊடுருவல் நடந்து தகவல்கள் வெளியே கசிந்தன. பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை என்ன செய்வது?

பழைய பதிவேட்டின் சாதித்தன்மையை உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் பெயர்களைப் பின்னணியைக் காரணமாக வைத்து இயந்திரத்தனமாக ரவுடிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, மாநிலங்கள் தங்கள் விதிகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் சிறை விதிகளில் இருந்த சாதி வேலைப் பிரிவினையை ரத்து செய்தபோது, குற்றப்பரம்பரை என்ற முத்திரை 'வழக்கமான குற்றவாளி' என்ற சொல்லுக்குள் புகுந்து உயிர் வாழ்வதையும் சுட்டிக்காட்டியது. பதிவேடு சாதியமயமானது என்று நீதிமன்றம் சொல்கிறது. அந்தப் பதிவேட்டைத்தான் இயந்திரத்துக்குப் பாடப்புத்தகமாகக் கொடுக்கிறோம். அப்புறம் இயந்திரம் சொல்வது 'நடுநிலை' என்கிறோம். ஃபூக்கோ 1975-இல், பதிவேடும் பரிசோதனையும் சேர்ந்து மனிதனை ஒரு 'கேஸ்' ஆக மாற்றுவதை விளக்கினார். இன்றைய நிலைமையில் ஒரு படி கூடுதல்: கேஸ் கட்டைப் புரட்டிப் பார்க்கிற ஆள்கூட இல்லை. கட்டே தன்னைத்தானே வாசித்துக்கொள்கிறது.

4

சட்டம் என்ன செய்கிறது? 'இந்தியாவில் சட்டமே இல்லை' என்று சிலர் சொல்வதும் சரியில்லை, 'இருக்கிற சட்டமே போதும்' என்று அரசு சொல்வதும் சரியில்லை. மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு அரசியல் சாசனம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்கென ஒரு சட்டம் இருக்க வேண்டும். நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும். நோக்கத்துக்கும் வழிமுறைக்கும் அளவுப் பொருத்தம் வேண்டும். முறைகேட்டைத் தடுக்க ஏற்பாடு வேண்டும். முக அடையாளக் கண்காணிப்பை இந்த உரைகல்லில் உரசினால் முதல் படியிலேயே சிக்கல். எங்கே, யார் மீது, எவ்வளவு காலம் இதைப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் கிடையாது.

இரண்டாவது அடுக்கு 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான பிரிவுகள் பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். விதியை மீறுகிற நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பெரிய எழுத்தில் செய்தி போட்டார்கள். அந்தப் பணம் பாதிக்கப்பட்டவருக்குப் போகாது, அரசுக் கருவூலத்துக்குப் போகும். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஈட்டுத்தொகை கேட்க வழி செய்திருந்த 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டமே வகை செய்கிறது. குற்றத் தடுப்பு, புலனாய்வு என்றால் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு. மத்திய அரசு அறிவிக்கிற அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கு. மானியமும் சலுகையும் தருவதற்காக அரசு தரவைக் கையாண்டால் புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பொய்ப் புகார் கொடுத்ததாகக் கருதப்படுகிற குடிமகனுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தரவுக்கு உரியவரின் 'கடமைகள்' என்ற தலைப்பில் இது வருகிறது. போதாததற்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் இச்சட்டம் திருத்தியிருக்கிறது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்கிற இந்தத் திருத்தம் மட்டும் காத்திருக்கவில்லை. 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. மக்களைக் காக்கிற பிரிவுகள் பின்னால் வரும், மக்கள் கேட்பதைத் தடுக்கிற பிரிவு முன்னால் வரும். இந்த வரிசையே ஒரு அரசியல் பிரதி.

மூன்றாவது அடுக்கு சட்டமே அல்ல: அறிவுரைகள், நெறிமுறைகள். 2024 மார்ச் 1 அன்று மத்திய அரசு, போதுமான அளவு சோதிக்கப்படாத செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வெளியிட முன் அனுமதி வேண்டும் என்று ஒரு அறிவுரை விட்டது. நிறுவனங்கள் கூச்சல் போட்டன. மார்ச் 15 அன்று அனுமதி நிபந்தனை போன இடம் தெரியவில்லை. 2025 நவம்பரில் வெளியான ஆளுகை நெறிமுறைகள் தனிச்சட்டம் இப்போதைக்குத் தேவையில்லை, நிறுவனங்கள் தாமாக முன்வந்து பொறுப்போடு நடந்துகொள்ளட்டும் என்கின்றன. முதலாளி கூச்சல் போட்டால் இரண்டு வாரத்தில் விதி மாறுகிறது. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியபோது யாரிடம் கலந்து பேசினார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. அது முறைமைகளை ஆபத்தின் அளவைக் கொண்டு பிரிக்கிறது. மனிதர்களின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு நடத்துவது, இணையத்திலிருந்து முகங்களைக் கண்டபடி வாரிச் சேர்ப்பது, வேலையிடத்திலும் பள்ளியிலும் உணர்ச்சியை அளப்பது ஆகியவற்றுக்கு 2025 பிப்ரவரி முதல் தடை. பொது இடத்தில் போலீஸ் நேரடி முக அடையாளம் செய்வதும் விலக்குகளுக்கு உட்பட்டுத் தடை செய்யப்பட்டிருக்கிறது. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலக வருவாயில் 7 சதவீதம் வரை அபராதம். குறைகள் நிறைய உண்டு. போலீஸுக்கும் எல்லைக் காவலுக்கும் விட்ட சந்துகளில் யானையே போகலாம். இருந்தாலும் 'இதைச் செய்யவே கூடாது' என்று ஒரு பட்டியல் அங்கே சட்டத்தில் இருக்கிறது. நம்மிடம் இல்லாதது அந்தப் பட்டியல்.

5

'எதிக்ஸ்' என்கிற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 2020-இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் இது முந்தியது. வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, சமத்துவம், முறைகேட்டுத் தடுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. மக்களுக்காகப் பயன்படுத்தும் முறைமைகளைக் களத்தில் இறக்கும் முன் மதிப்பிட 'டீப்-மேக்ஸ்' என்ற பெயரில் ஒரு மதிப்பெண் அட்டையும் தரப்பட்டிருக்கிறது. ஆவணமாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும்? யார் நிறுத்துவார்கள்? பாதிக்கப்பட்டவர் எந்த வாசலில் போய் நிற்பது? கொள்கை என்பது உரிமை அல்ல. அரசு தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்றிதழை வைத்துக்கொண்டு குடிமகன் கோர்ட்டுக்குப் போக முடியாது.

தமிழில் அறம் என்ற சொல்லுக்கு நீதி வழங்குதல் என்ற அர்த்தமும் உண்டு. அறம் கூறு அவையம் என்றால் வழக்கு நடக்கிற இடம். அங்கே கேட்கிறவர் இருப்பார், பதில் சொல்கிறவர் இருப்பார். இன்றைய நிறுவன 'எதிக்ஸ்' இந்த இரண்டு ஆட்களையும் வெளியே அனுப்பிவிட்டு, இயந்திரம் நல்லதா கெட்டதா என்று மட்டும் ஆராய்கிறது. கத்தரிக்கோலுக்கு அறம் இருக்கிறதா என்று கேட்பதுபோல. கேட்க வேண்டியது: யார் கையில் இருக்கிறது, யாருடைய துணி வெட்டுப்படுகிறது, வெட்டியது தப்பானால் யார் ஈடு தருவது.

6

இங்கே ஒரு எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டியிருக்கிறது. நம்மவர்களில் பலரே சொல்கிற வாதம் இது: 'தாசில்தாரும் வி.ஏ.ஓ.வும் சாதி பார்க்கிறான், காசு கேட்கிறான். மெஷின் அதெல்லாம் கேட்காதே. சேரிக்காரனுக்கு மெஷின்தான்யா நல்லது.' இதை லேசில் ஒதுக்கிவிட முடியாது. கிராமத்து அதிகாரத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து அவமானப்பட்டவருக்கு, முகமில்லாத அதிகாரம் விடுதலையாகத் தோன்றுவது இயல்பு. காணாமல்போன குழந்தைகளை முக அடையாளம் மூலம் கண்டுபிடித்துக் கொடுத்ததையும் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் தெலுங்கானாவில் நடந்ததைப் பாருங்கள். அரசு தன்னிடமிருந்த பல துறைத் தரவுகளை ஒன்றாக இணைத்துச் 'சமக்ர வேதிகா' என்று ஒரு முறைமை உருவாக்கியது. பெயர், முகவரி, வாகனம், சொத்து எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து யார் தகுதியில்லாதவர் என்று கைகாட்டும். 2014-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே ரத்தான ரேஷன் அட்டைகள் சுமார் 19 லட்சம். நோட்டீஸ் கிடையாது. பெயர் ஒற்றுமையால் இன்னொருத்தரின் காருக்குச் சொந்தக்காரராகிப்போன ஏழைகளும் அதில் உண்டு. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2022 ஏப்ரலில், ரத்தான அட்டைகளை ஆள் அனுப்பிக் களத்தில் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவானது. தாசில்தார் அங்கே ஒழிந்துபோகவில்லை. 'சிஸ்டம்லயே இல்லம்மா, நான் என்ன பண்றது?' என்று சொல்கிற வசதி அவருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். சாதி பார்க்கிற தாசில்தாரின் மேஜை முன்னால் நூறு பேர் போய் உட்காரலாம். சிஸ்டத்தின் மேஜை எங்கே இருக்கிறது?

நெதர்லாந்தில் இதே ஜாதி முறைமை ஒன்று இருந்தது. ஏழைகள் வாழும் வட்டாரங்களில் மானிய மோசடியைக் கண்டுபிடிக்க 'சிரி' என்ற பெயரில் தரவுகளை இணைத்தார்கள். எப்படிக் கணக்கிடுகிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி 5 அன்று ஹேக் நகர நீதிமன்றம், வெளிப்படைத்தன்மை இல்லாத இந்த ஏற்பாடு மனித உரிமைக்கு விரோதமானது என்று தள்ளுபடி செய்தது. வழக்குப் போட்டவர்களில் சிவில் உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கமும் இருந்தன, எழுத்தாளர்களும் இருந்தார்கள். இந்தப் பக்கங்களைப் படிக்கிற எழுத்தாளர்கள் இதைக் கவனிக்கலாம்.

தமிழ்நாட்டு அனுபவம் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, நம் பொது விநியோகத் திட்டம். 1997-இல் மத்திய அரசு 'வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்' என்று திட்டத்தைச் சுருக்கியபோது தமிழகம் எல்லோருக்கும் என்ற கொள்கையைக் கைவிடவில்லை. யாரையும் கழித்துக்கட்ட வேண்டியதில்லை என்றால் கழித்துக்கட்டும் இயந்திரத்துக்கும் வேலை இல்லை. எந்த நெறிமுறை ஆவணத்தையும்விட இது வலுவான ஒழுங்குமுறை என்பேன். தேர்ந்தெடுப்பு அரசியல் எங்கே வருகிறதோ அங்கேதான் தேர்ந்தெடுக்கும் இயந்திரம் நுழைகிறது.

இன்னொன்று, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை. இது எல்லோருக்குமானதல்ல. வருமானம், நிலம், மின்சார யூனிட், கார் என்று தரவுகளைப் பொருத்திப் பார்த்து, சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி ஏற்கப்பட்டன. செயற்கை நுண்ணறிவு என்று இதைச் சொல்ல முடியாது, தரவு ஒப்பீடு. ஆனால் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் அனுப்பப்பட்டது. முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைக்கப்பட்டது. திட்டத்தின் மீது விமர்சனங்கள் இருக்கட்டும். காரணம் சொல்வதும் மேல்முறையீடு வைப்பதும் பெரிய எண்ணிக்கையில் நடைமுறைக்கு ஒத்துவராது என்கிற வாதம் இதில் அடிபட்டுப்போகிறது.

7

ஆக நமக்கு வேண்டிய சட்டக் கருவி வானத்திலிருந்து விழ வேண்டியதில்லை. பாதியளவு நம் கையிலேயே இருக்கிறது. 1969-இல் கிரைபக் வழக்கில், நிர்வாக முடிவுகளுக்கும் இயற்கை நீதி பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமானதாக, ஏறுமாறில்லாததாக இருக்க வேண்டும் என்றது. ஒருவருக்குப் பாதகமாக முடிவெடுக்கும் முன் அவருக்குச் சொல், அவர் பேச்சைக் கேள், காரணத்தை எழுது. இந்த மூன்றையும் இயந்திரத்திடம் கேட்க முடியாது. அதனால்தான் இயந்திரத்தின் பின்னால் நிற்கிற அதிகாரியிடம் கேட்க வேண்டும். 'கணிப்பொறி தீர்மானித்தது' என்பது சட்டத்தின் கண்ணில் காரணமே ஆகாது என்று நிறுவுவதுதான் இன்றைய வழக்குகளின் வேலை.

மீதிப் பாதி சட்டம் புதிதாக எழுதப்பட வேண்டியது. அதில் குறைந்தபட்சம் இவை இருக்க வேண்டும். பொது இடத்தில் கும்பலோடு கும்பலாக முகங்களை அடையாளம் காண்பதற்குத் தடை. போலீஸ் பயன்படுத்தும் முறைமையின் பட்டியலில் யார் யார், எந்தச் சமூகங்கள் எவ்வளவு என்ற சமூகத் தணிக்கை. பெயர்கள் வேண்டாம், விகிதம் போதும். ரேஷன், ஓய்வூதியம், சத்துணவு போன்றவற்றில் இயந்திரத்தின் கைகாட்டலை மட்டும் வைத்து எவரையும் நீக்கக் கூடாது. ஆள் போய்ப் பார்த்த பிறகே நீக்க வேண்டும். அதுவரை கொடுப்பது நிற்கக் கூடாது. நிரூபிக்கும் பாரம் அரசின் தலையில். தவறு நடந்தால் ஈட்டுத்தொகை பாதிக்கப்பட்டவருக்கு. வணிக ரகசியம் என்ற சாக்கில் அரசுக்கு விற்கப்பட்ட மென்பொருளின் விதிகளை மறைக்கக் கூடாது. ரகசியம் காக்க விரும்புகிற நிறுவனம் அரசிடம் டெண்டர் போட வேண்டாம்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுமில்லை. தகவல் உரிமைச் சட்டம் அடிபட்டிருக்கிறதே ஒழியச் சாகவில்லை. யாருடைய தனிப்பட்ட தகவலையும் கேட்காமல், முறைமையைப் பற்றிக் கேட்கலாம்: எந்தச் சட்டப் பிரிவின் கீழ் இது இயங்குகிறது? பொருத்தத்துக்கு எத்தனை சதவீதம்? 2020-ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிற மதிப்பெண் அட்டையில் இதற்கு எத்தனை மதிப்பெண்? தப்பாகக் கைகாட்டியது எத்தனை முறை? கேள்வியை ஒரு தாலுகாவில் ஒருவர் கேட்டால் அது மனு. முப்பது தாலுகாவில் முப்பது பேர் கேட்டால் அது இயக்கம்.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. படூர் போன்ற ஊர்களில் நன்கொடைக் காமிராக்கள் கம்பத்துக்குக் கம்பம் ஏறுகின்றன. நல்ல காரியம் என்றுதான் சொல்கிறார்கள், இருக்கலாம். அந்தப் படங்கள் யாரிடம் போகின்றன, எத்தனை நாள் இருக்கும், எந்தப் பட்டியலோடு ஒப்பிடப்படுகின்றன என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால், பதில் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு வழக்கு நடக்கும்போது அந்த ஒரு வரி ஆவணமாக நிற்கும்.